பொங்கலன்று வெளியூர்க்காரர் எங்கே சாப்பிடுவார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருடமாக மெஸ் நடத்திவருகிறேன். உங்கள் பேப்பர் காலை ஐந்தரைக்கெல்லாம் என் கல்லாவுக்கு வந்துவிடும். முதல் டிகாஷன் இறங்குவதற்குள் தலைப்புச் செய்தியை நான் முடித்துவிடுவேன், அப்புறம் அது மேஜை மேஜையாகக் கைமாறி மத்தியானம் சாம்பார்க் கறையோடு திரும்பி வரும். போன வாரம் அப்படித் திரும்பி வந்த பக்கத்தில் பொங்கலுக்கு விடும் சிறப்புப் பேருந்துகள் பற்றி ஒரு செய்தி, அதற்குக் கீழேயே ஜனவரியில் மதுக்கடைகள் எந்தெந்தத் தேதியில் மூடியிருக்கும் என்று இன்னொரு செய்தி. குடிக்கக் கிடைக்காத நாள் எது என்று வருடா வருடம் தவறாமல் போடுகிறீர்கள், சாப்பிடக் கிடைக்காத நாள் எது என்று ஒரு வரி போட்டு நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, வெட்டிக்கொள்ளுங்கள்.

பண்டிகையன்று தெரியாத ஊரில் பசியோடு தெருவில் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நானே நின்றிருக்கிறேன், அதுவும் லண்டனில்.

நடந்து சில வருடம் ஆகிறது. மகள் அங்கே லீசெஸ்டரில் நர்ஸாக இருக்கிறாள், ஜனவரி முதல் வாரம் லீவு கிடைக்கும், அதற்கு முன்னால் வந்துவிடுங்கள் என்றாள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் டிசம்பர் 24 அன்று போய் இறங்குகிற மாதிரி போட்டால் விலை குறைவு என்றார். குறைவு என்றால் எனக்குச் சந்தோஷம்தானே. ஏன் குறைவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நடுவில் விமானம் மாறுகிற இடத்தில் நாலு மணி நேரம் தாமதமாகி, மத்தியானம் இறங்க வேண்டியவர்கள் சாயங்காலம் ஆறுக்கு மேல் ஹீத்ரோவில் இறங்கி, வரிசையில் நின்று, பெட்டியைத் தேடி எடுத்து, ரயில் பிடித்து பாடிங்டன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. லீசெஸ்டர் ரயில் வேறு ஸ்டேஷனிலிருந்து, அதுவும் கடைசி வண்டி எப்போதோ போய்விட்டது. அங்கே 24 அன்று சாயங்காலமே ரயில்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொள்கிறார்கள். 25 அன்று வெளியூர் ரயில் கிடையாது, 26 அன்றும் பெரும்பாலான தடங்களில் கிடையாது. மகளுக்கு மூன்று நாளும் டியூட்டி. 27 காலை வரைக்கும் அங்கேயே இருங்கள் என்று போனிலேயே பக்கத்தில் ஒரு ரூம் பிடித்துக் கொடுத்தாள், குரல் கம்மியிருந்தது.

பெட்டியைப் போட்டுவிட்டு நானும் வீட்டுக்காரியும் சாப்பாடு தேடிக் கிளம்பினோம். தெருவெல்லாம் சரவிளக்கு, கண்ணைப் பறிக்கிறது, ஆனால் ஷட்டரெல்லாம் கீழே. மூலையில் ஒரு சின்னக் கடைக்காரர் பாதி மூடிய கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, வாங்க என்கிற மாதிரி தலையாட்டினார். ரொட்டி அடுக்கிவைக்கிற தட்டு சுத்தமாகத் துடைத்துக் கிடந்தது. மிச்சம் இருந்தது நாலு வாழைப்பழம், ஒரு பால் பாட்டில், வறுத்த முந்திரி ஒரு பாக்கெட். தினம் முந்நூறு பேருக்கு இலை போடுகிறவன் அந்த நாலு பழத்தைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் சத்தமே இல்லை. ஏறக்குறைய 90 லட்சம் பேர் இருக்கிற ஊரில் கிறிஸ்துமஸ் அன்று முழுநாளும் சிவப்பு பஸ் ஓடாது, தரைக்கடியில் ஓடுகிற டியூப் ரயிலும் ஓடாது. நம் ஊரில் பந்த் அன்றைக்கே போலீஸ் ஜீப் பின்னால் வர ரெண்டு அரசு பஸ் போகும். அங்கே ஒன்றுகூட இல்லை. பெரிய கடைகளை அன்றைக்குத் திறப்பது சட்டப்படியே தவறு, 2004-ல் வந்த சட்டம் என்று மகள் பிற்பாடு சொன்னாள். 280 சதுர மீட்டருக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் 3000 சதுர அடிக்கு மேல் இருக்கிற கடை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிசம்பர் 25 அன்று வியாபாரம் செய்யக் கூடாது, சின்னக் கடைக்காரர் விருப்பப்பட்டால் திறக்கலாம். கடை ஊழியர் சங்கம் பாடுபட்டு வாங்கிய சட்டமாம். எனக்கு அது பிடித்திருந்தது, பசியிலும் பிடித்திருந்தது. நம் தமிழ்நாட்டிலும் 1958-லேயே தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் போட்டு வருடத்துக்கு 9 நாள் சம்பளத்தோடு லீவு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எத்தனை கடையில் கொடுக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். மகளுக்கென்று வீட்டுக்காரி கட்டிக்கொண்டு வந்த மூட்டையில் அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், ஒரு எவர்சில்வர் சம்புடம் நிறைய தேன்குழல் இருந்தது. ரூமில் அடுப்பு கிடையாது, தண்ணீர் காய்ச்சுகிற கெட்டில் மட்டும்தான். தேன்குழலை ஒரு பாலிதீன் பைக்கு மாற்றிவிட்டு அந்தச் சம்புடத்தில் அவலைக் கொட்டி, கெட்டில் தண்ணீரை ஊற்றி, மூடியைக் கவிழ்த்து, அதன் மேல் துண்டைப் போட்டு அரை மணி நேரம் வைத்தாள். கெட்டி அவல், ஊறவே மாட்டேன் என்றது. அப்புறம் தண்ணீரை இறுத்துவிட்டு ரெண்டு ஸ்பூன் புளிக்காய்ச்சல் போட்டு விரல் சுடச் சுடப் பிசைந்தாள். தேநீர் கலக்குகிற குட்டி ஸ்பூனால் ரெண்டு பேரும் ஒரே சம்புடத்தில் சாப்பிட்டோம். நல்லெண்ணெய் வாசனை அந்த ரூமிலிருந்து மூன்று நாளும் போகவில்லை, காலி செய்கிறபோது ரூம்காரர் மூக்கைச் சுருக்கியது எனக்குத் தெரிந்தது.

பொழுதைப் போக்க வேண்டுமே என்று பக்கத்தில் இருந்த ஹைட் பார்க் பக்கம் நடந்தோம். அங்கே செர்பன்டைன் என்று ஒரு ஏரி, 1864-ல் தொடங்கிய நீச்சல் கிளப் ஒன்று இருக்கிறது, வருடா வருடம் கிறிஸ்துமஸ் காலையில் அந்த உறையும் தண்ணீரில் போட்டி நீச்சல் போடுகிறார்கள். வயதானவர்கள்கூட சிவப்புத் தொப்பியோடு தொபுக்கென்று குதித்தார்கள். வீட்டுக்காரி ஐப்பசியில் மாயவரம் துலாக்கட்டத்தில் முழுக்குப் போடுகிறவள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "நம்மாளுங்க மாதிரிதான்" என்றாள், அவ்வளவுதான். நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிட்டது.

ஓட்டல் ஒன்றிரண்டு திறந்துதான் இருந்தது. உள்ளே போனால் முதல் கேள்வி, புக் செய்திருக்கிறீர்களா என்பதுதான். அன்றைக்கு மட்டும் ஒரே விலைச் சாப்பாடு, முழுப் பணமும் பல வாரம் முன்பே கட்டியிருக்க வேண்டும், ஒரு ஆளுக்கு நம் பணத்தில் ஏழெட்டாயிரம், நடுவில் வான்கோழி. ரெண்டு பேரும் சைவம் என்றதும் அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள். கடைசியில் எங்களுக்குச் சோறு போட்டது எட்ஜ்வேர் ரோடு. அரபு நாட்டுக்காரர்கள் கடை வைத்திருக்கிற தெரு, லெபனான் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. அவர்களில் பலருக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகை இல்லை, அதனால் கடை திறந்திருந்தது, கூட்டமும் இருந்தது. ஃபலாஃபல் என்று கொண்டைக்கடலையில் தட்டிய வடை, உள்ளே கொத்தமல்லி போட்டுப் பச்சையாக இருக்கும், அதோடு சுடச் சுட ரொட்டி, எள் அரைத்துவிட்ட கடலைத் துவையல். தொழில்காரன் கண்ணோடு சொல்கிறேன், வடை எண்ணெய் குடிக்கவே இல்லை.

அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நம் ஊர் ஞாபகம் வந்தது. இங்கேயும் இதே கணக்குத்தானே. ரம்ஜான் அன்று கூத்தாநல்லூரிலோ அதிராம்பட்டினத்திலோ பிரியாணிக் கடையைத் தேடினால் கிடைக்காது, அன்றைக்கு எங்கள் மாதிரி மெஸ்தான். பொங்கலுக்கு நாங்கள் மூடினால் பாய் கடை திறந்திருக்கும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, பெரிய ஓட்டல்களில் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போவதில்லை, ஹோலிக்கும் சாத் பூஜைக்கும்தான் போவார்கள், அதனால் அவர்களை வைத்து ஒன்றிரண்டு ஓட்டல் ஓடும். ஊர்க்காரனுக்கு இதெல்லாம் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

26 அன்று டியூப் குறைவாக ஓடியது. கேட்டுக் கேட்டு ஈஸ்ட்ஹாம் போனோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கடைக்குக் கடை தமிழ்ப் பலகை, கறிவேப்பிலைக் கட்டு, முருங்கைக்காய். ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் உட்கார்ந்து இட்லி சொல்லிவிட்டு, நேற்று முழுக்க நாங்கள் அவல் சாப்பிட்ட கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நேற்றும் திறந்துதான் இருந்தனாங்கள் ஐயா, வாறதுக்குத்தான் உங்களுக்கு பஸ் இல்லை" என்றார். எங்கள் ரூமிலிருந்து ஒரு பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் உள்ள தூரம். முதல் நாள் டாக்ஸி கேட்டேன், அவன் சொன்ன வாடகைக்கு இங்கே கும்பகோணத்திலிருந்து சென்னை போய்வரலாம் என்று விட்டுவிட்டேன். பதினைந்து கிலோமீட்டரில் இட்லி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நடந்தே போயிருப்பேன் என்று வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள், முட்டிவலிக்காரி.

வெளிநாடென்றால் எல்லாம் ஒழுங்கு, நம் ஊரென்றால் எல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று பார்த்தேன். ரூமுக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த ஒரு சின்ன டீக்கடைக் கதவில் உள்பக்கமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 24 அன்று நாலு மணியோடு சரி, 25, 26 கடை இல்லை, 27 காலை எட்டுக்குத் திறப்போம் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே பேனாவால் கிறுக்கலாக, பால் வேண்டுமென்றால் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற கடையைப் பாருங்கள் என்று. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. ஆறேழு வரிதான். அதைப் படித்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு பையன் முகம் ஞாபகம் வந்து தொந்தரவு செய்தது.

லண்டன் போவதற்கு முந்தைய பொங்கலன்று காலை ஏழரை மணி இருக்கும். மெஸ் கீழே, வீடு மேலே, வாசலில் பானை வைத்து மஞ்சள் கொத்து கட்டியிருந்தது. ஷட்டர் பாதிக்குக் கீழே இருந்தது. ஒரு பையன் குனிந்து உள்ளே பார்த்தான், கையில் நீலக் கலர் ஃபிளாஸ்க். "அண்ணே, ரெண்டு இட்லி, கொஞ்சம் பால் மட்டும் கிடைக்குமா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்றான். கடை இல்லை தம்பி, பொங்கல் என்றேன். வேற எங்கண்ணே கிடைக்கும் என்று கேட்டான். தெரியலையே என்றேன். அடுத்த தெருவில் டீக்கடை திறந்திருந்தது எனக்குத் தெரியும். பானை பொங்குகிற நேரம், மேலேயிருந்து கூப்பிட்டார்கள், என்னவோ வாயில் அப்படி வந்துவிட்டது. அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஆசிரியர் அவர்களே, பண்டிகையன்று கடை திறக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். சமையல் பார்க்கிற சரக்கு மாஸ்டர் வேதாரண்யம் பக்கம், இலை எடுக்கிற அம்மா திருப்பனந்தாள், மற்றவர்கள் பட்டுக்கோட்டைக்கு உள்ளே இருக்கிற கிராமங்கள். மாட்டுப் பொங்கலன்று மாஸ்டர் அவர் வீட்டுக் கொட்டிலில் இருக்க வேண்டும், என் அடுப்படியில் இல்லை. போகி ராத்திரி போனால் நாலாம் நாள்தான் திரும்புவார்கள். மூடத்தான் மூடுவோம். மூடுவதை முன்கூட்டியே சொல்லாமல் மூடுகிறோமே, அதுதான் தப்பு.

அதிலும் நம் பக்கம் பொங்கல் எப்போது வருகிறது பாருங்கள். மார்கழியும் தையும்தான் வெளியூர்க்காரர், வெளிநாட்டுக்காரர் எல்லாரும் வருகிற காலம். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் அதைப் பார்க்க ஒரு கூட்டம், நவகிரக கோயில்களுக்கு வேன் பிடித்துச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒரு கூட்டம், நாகூர், வேளாங்கண்ணி போகிறவர்கள் வேறு. மத்தியானம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணி வரை போக இடமில்லை, அந்த நேரத்தில் ஓட்டலும் இல்லை என்றால் குழந்தைகளை வைத்துக்கொண்டு வேனுக்குள்ளேயே பிஸ்கட் சாப்பிடுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

லண்டனிலிருந்து வந்த மறு வருடம் ஒரு சார்ட் பேப்பரில் தமிழிலும், மகளைக் கேட்டு இங்கிலீஷிலும் எழுதி ஷட்டரில் ஒட்டினேன். எந்தெந்த நாள் கடை இல்லை, என்றைக்குத் திறக்கும், அதுவரை காலை டிபனுக்கு அடுத்த தெரு டீக்கடை, பிரியாணிக்கு எந்தக் கடை, மத்தியானம் எந்தக் கோயிலில் அன்னதானம் (2002-ல் தொடங்கிய அரசுத் திட்டம், நம் பக்கம் நிறைய கோயிலில் இருக்கிறது). எதிர்க்கடைக்கு நீயே போர்டு வைக்கிறியா என்று எதிர்வரிசை மெஸ்காரர் கேலி செய்தார். டீக்கடைக்காரருக்கு வேறு கோபம். ஒன்பது மணிக்கே இட்லி தீர்ந்து ஜனங்கள் திட்டிவிட்டுப் போனார்களாம். "எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாவு சேர்த்து ஆட்டியிருப்பேனே" என்றார். அவர் சொன்னது நியாயம்.

அதனால்தான் இது ஒரு மெஸ்காரன் அட்டையில் எழுதி ஆகிற வேலை இல்லை என்று உங்களிடம் வருகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நாலு மாவட்டத்துக்கும் உங்களுக்கு நிருபர்கள் இருக்கிறார்கள், ஊருக்கு ஊர் ஓட்டல்காரர் சங்கமோ வர்த்தகர் சங்கமோ இருக்கிறது. ஊருக்கு நாலு கடை கேட்டு எழுதினால் போதும்: பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒன்று, பெரிய ஆஸ்பத்திரி பக்கம் ஒன்று, கோயில் பக்கம் ஒன்று, ராத்திரி பத்துக்கு மேல் ஒன்று. பால் எங்கே, மருந்து எங்கே என்று ரெண்டு வரி. கடைசியில் ஒரே ஒரு வரி இங்கிலீஷில். பொங்கலுக்கு முந்தைய ரெண்டு நாளும் மதுக்கடைச் செய்திக்குப் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுங்கள். ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும், வணிகர் தினமான மே 5-க்கும் இதே மாதிரி போடலாம். கட்டத்தில் பேர் வந்த கடைக்காரர் அன்றைக்குத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று உங்கள் ஆபீஸில் கேட்பார்கள், தெரியும். பேப்பரில் பேர் வந்துவிட்டால் நம் ஊரில் எவனும் மூட மாட்டான்.

இங்கிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருச்சியில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்குகிற ஜனம் நம் மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். 2026-ல் பிப்ரவரி 17, 18 சீனப் புத்தாண்டு. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே அங்கே கடைகளை மூட ஆரம்பிப்பார்கள், குடியிருப்புகளுக்குக் கீழே இருக்கிற சாப்பாட்டுக் கடைகள் பல நாலைந்து நாள்கூடத் திறக்காது. நம்மாட்கள் கடை நிறைய இருக்கிற சிராங்கூன் ரோடு பக்கம் போனால் நமக்குப் பிரச்சினை இல்லை, ரயிலும் ஓடும். ஜெர்மனி போகிறவர்களுக்கு வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமையே கதவடைப்புத்தான், பெரிய ரயில் ஸ்டேஷன், விமான நிலையம், பெட்ரோல் பங்க் கடைகளை விட்டால் மளிகை வாங்குவது கஷ்டம்தான். டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவர்கள் இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லாவிட்டாலும், இறங்குகிற தேதிக்கு அந்த ஊரில் என்ன நாள் என்று நாமாவது கேட்டுக்கொள்ளலாம். கூடவே ஒரு கிலோ அவல், மெல்லிசு அவலாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அது சீக்கிரம் ஊறும்.

உங்கள் கட்டம் வருகிறதோ இல்லையோ, என் கடைத் தகவலை இப்போதே தந்துவிடுகிறேன். ஜனவரி 14 புதன் ராத்திரி ஒன்பது வரை உண்டு. 15, 16, 17 கடை இல்லை. 18 ஞாயிறு காலை ஆறு மணிக்கு இட்லி, பொங்கல், வடை. நடுவில் மூன்று நாளும் அடுத்த தெரு டீக்கடையில் காலை டிபன் உண்டு, இந்தத் தடவை அவரிடம் சொல்லிவிட்டேன், மாவு சேர்த்து ஆட்டுகிறார்.

இப்படிக்கு,
ஒரு மெஸ்காரர்,
கும்பகோணம்.
(பெயர் போட வேண்டாம். போட்டால் எதிர்க்கடைக்காரர் விடமாட்டார்.)